மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம்!



ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளி எல்லையை நோக்கிச் செல்பவர், இரு மருங்கிலும் எழுந்து நிற்கும் விளம்பரப் பலகைகளைக் காணாமல் செல்ல இயலாது. தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அவை நம்மைக் கூவி அழைக்கின்றன. வீட்டுமனை, நகை, பிள்ளைகளின் படிப்பு, பணத்தைப் பெருக்கும் திட்டம் என எதற்கும் அங்கே பஞ்சமில்லை.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது முதல், பல மாவட்டங்களிலிருந்து உழைக்க வந்தவர்கள் ஓசூரில் குடியேறியுள்ளனர். அவர்களுடைய சேமிப்பு எளிதில் சேர்ந்ததன்று. இரவுப் பணியில் கண்விழித்துச் சேர்த்தது. வீட்டுப் பெண்மணிகள் அரிசிப் பானைக்குள் ஒளித்துச் சேர்த்தது. மகளின் நிக்காஹ்வுக்கென்றும் ஹஜ்ஜுக்கென்றும் ஒதுக்கி வைத்தது. அந்தப் பணத்தை நோக்கியே பலகைகள் பேசுகின்றன.

தம் சரக்கின் சிறப்பை வணிகர் எடுத்துரைப்பது குற்றமாகாது. உண்மையைச் சொல்லி விற்பது ஆகுமான தொழில். ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வணிகமா, களவா? அதனினும் கொடிதாக, மார்க்கத்தின் சொல்லையே திரையாகக் கொண்டு மறைத்தால் அதற்கு என்ன பெயர் சூட்டுவது?

அண்டை நகரில் நடந்தது

ஓசூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவில் 2006-இல் தொடங்கப்பட்டது 'ஐ மானிட்டரி அட்வைசரி' என்னும் நிறுவனம். 'ஐ.எம்.ஏ.' என்றே மக்கள் அதனை அழைத்தனர். 'வட்டி இல்லை, ஹலாலான லாபம்' என்பதே அதன் அழைப்பு. வங்கி வட்டியை அஞ்சி ஒதுங்கி நின்ற இஸ்லாமியக் குடும்பங்களின் செவிகளுக்கு இதைவிட இனிய சொல் வேறென்ன இருக்க முடியும்? பணம் செலுத்தியவர்கள் 'பங்குதாரர்கள்' என்றே ஏடுகளில் பதிவு செய்யப்பட்டனர். மாதந்தோறும் நூற்றுக்கு இரண்டரை, மூன்று என்னும் அளவில் லாபம் கூறப்பட்டது. மார்க்கப் பிரமுகர்கள் சிலர் நற்சான்று அளித்ததாகவும் பின்னர்ப் புகார்கள் எழுந்தன.

2019 ஜூன் மாதத்தில் திடீரென அதன் கதவுகள் அடைபட்டன. நிறுவனர் முகமது மன்சூர் கான் நாட்டைவிட்டு வெளியேறினார். சிவாஜிநகர்ப் பகுதியிலிருந்த அதன் நகைக்கடையின் முன்னே ஆண்களும் பெண்களும் முதியோரும் பத்திரங்களைக் கையிலேந்தித் திரண்டு நின்ற காட்சியை நாடே கண்டது. ஜூலை 19 அன்று டில்லி விமான நிலையத்தில் அவர் கைது செய்யப்பட்டார். வழக்கு அதே ஆண்டில் சி.பி.ஐ. வசம் சென்றது. புதிதாகப் பணம் போட்டவர்களின் தொகையிலிருந்தே பழையவர்களுக்கு 'லாபம்' வழங்கப்பட்டது என்பதும், திரட்டப்பட்ட தொகை 4,000 கோடி ரூபாய் அளவினது என்பதும் புலனாய்வு அமைப்புகளின் குற்றச்சாட்டு.

பணம் இழந்தவர்களைப் 'பேராசைக்காரர்கள்' என்று எளிதாக ஏசிவிடலாம். அது நியாயமன்று. அவர்களிற் பலர் ஹராமைத் தவிர்க்க நாடியே அங்கு சென்றவர்கள். இறையச்சமே அவர்களைப் பிடிக்கும் கண்ணியாக ஆக்கப்பட்டது. இதுவே நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி.

கடைவீதியில் நபிகளார்

மதீனாவின் கடைவீதியில் ஒருநாள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நடந்து செல்கையில், தானியக் குவியல் ஒன்றைக் கண்டார்கள். மேலே பார்த்தால் நன்கு உலர்ந்த தானியம். நபிகளார் தம் கையைக் குவியலுக்குள் விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. வணிகரிடம் காரணம் வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டதாக அவர் கூறினார். மக்கள் பார்க்குமாறு நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட பெருமானார், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் எனக் கண்டித்தார்கள்.

வாசகர்களே, அந்த வணிகர் வாய் திறந்து பொய்யேதும் சொன்னதாக இந்நிகழ்ச்சியில் இல்லை. உலர்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவே. அதுவே மோசடி எனத் தீர்ப்பாயிற்று. இன்றைய விளம்பரமும் பெரும்பாலும் இந்தக் குவியலே. 'ஹலால்' என்னும் சொல்லும் சில வேளைகளில் மேலே பரப்பிய உலர்ந்த தானியமாக ஆகிவிடுகிறது. பெருமானார் குவியலின் அழகைக் கண்டு திருப்தியடையவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

எவ்வாறு சோதிப்பது?

முதலாவது, 'நஷ்டம் யாருக்கு?' என்று கேளுங்கள். ஒருவர் முதல் தர, மற்றவர் உழைக்கும் 'முளாரபா' என்னும் கூட்டு வணிகத்தை மார்க்கம் அனுமதிக்கிறது. அதில் லாபத்தைப் பிரிக்கும் விகிதத்தை முன்கூட்டியே பேசலாம். இத்தனை ரூபாய் நிச்சயம் என்று உறுதி தரலாகாது. வணிகம் நலிந்தால் முதல் தந்தவர் நஷ்டத்தைத் தாங்க வேண்டும். ஆகவே, நஷ்டமே இல்லாத நிச்சய லாபத்தை 'ஹலால்' என்று அழைப்பவர் தம் சொல்லாலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கிறார். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால், லாபத்தையும் முதலோடு சேர்த்துக்கொண்டே வர, இரண்டே ஆண்டுகளில் பணம் இரட்டிப்பாகும். எந்த நேர்மையான கடை ஆண்டுதோறும் தவறாமல் அவ்வாறு சம்பாதிக்கிறது? நம் கடைவீதியிலுள்ள வணிகர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, 'புகழ்பவர் யார்?' என்று கேளுங்கள். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை ஏமாற்றுவதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நபிகளார் அதனைத் தடுத்துள்ளார்கள். கூலி பெற்றுக்கொண்டு, தாம் பயன்படுத்தாத பொருளைப் புகழும் நட்சத்திரத்திற்கும், கணக்கைப் பார்க்காமல் நற்சான்று வழங்கும் பெரிய மனிதருக்கும் இதில் பாடம் இல்லையா?

மூன்றாவது, 'சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது?' என்று பாருங்கள். வாக்குறுதி தமிழில் பெரிதாகவும், நிபந்தனை ஆங்கிலத்தில் எறும்பளவாகவும் இருப்பதை நாம் காண்கிறோமல்லவா? மறுப்புரையும் வாக்குறுதியும் ஒரே மொழியில் இருத்தல் வேண்டும் என்று 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட விளம்பர நெறிமுறைகள் கூறுகின்றன.

சட்டமும் நம் கையில்

முற்கால இஸ்லாமிய நகரங்களில் அளவையையும் நிறுவையையும் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரி இருந்தார். இன்று அப்பணியின் ஒரு பகுதியை அரசு அமைப்புகள் ஆற்றுகின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. தவறான விளம்பரத்திற்கு அது 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். தக்கவாறு விசாரித்தறியாமல் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவரும் இதற்குத் தப்ப முடியாது.

எல்லையோர மக்களுக்கு இச்சட்டத்தில் தனியொரு நன்மை உண்டு. பொருளைப் பெங்களூருவில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாழ்பவர் அம்மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். ஏமாற்றம் நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வீட்டுமனை வாங்குவோர், விளம்பரத்தில் கட்டட மனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் உள்ளதா என்று நோக்குக. அனுமதியற்ற வைப்புத் திட்டத்தை நடத்துவது மட்டுமன்று, அதற்கு விளம்பரம் செய்வதும் 2019-ஆம் ஆண்டின் தடைச் சட்டப்படி குற்றமாகும்.

ஆயினும், பணம் பறிபோன பின் சட்டம் தரும் ஆறுதல் தாமதமாகவே வரும். முன்னெச்சரிக்கையே மேல். பெருந்தொகை போடுமுன் குடும்பத்தாரோடு கலந்து பேசுங்கள். வீட்டுப் பெண்களின் கேள்வியைப் புறக்கணிக்காதீர்கள். 'இன்றே கடைசி நாள்' என்று எவர் அவசரப்படுத்தினாலும், ஒரு வாரம் பொறுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளும் ஆலிம் பெருமக்களும், கணக்கறிந்தோர் ஏடுகளைப் பரிசீலிக்கும்வரை எந்த நிறுவனத்திற்கும் பள்ளிவாசலில் பரிந்துரை கூறாதிருப்பது நலம். மக்கள் அவர்கள்மீது வைத்துள்ள நம்பிக்கை ஓர் அமானிதம். அது விற்பனைச் சரக்கன்று.

வணிகம் செய்யும் சகோதரர்களே! உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் கடைப்பலகையில் எழுதப்பட்டது உங்கள் சரக்கில் உள்ளதா என்று நீங்களே கையை உள்ளே விட்டுப் பாருங்கள். நிறுவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் அமைந்துள்ளதே! தராசில் குறைப்பது போன்றே, சொல்லில் மிகைப்படுத்துவதும் பிறர் உரிமையைப் பறிப்பதே.

நம் உழைப்பின் பொருளை வீண்போகாமல் காத்து, உண்மை பேசி விற்பவராகவும் விழிப்புடன் வாங்குபவராகவும் வாழ எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.