முதலில் விளையாட்டு, பிறகு இயங்குதளம், கடைசியில்தான் வீஜீஏ கார்ட்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மதர்போர்டும் வீஜீஏ கார்டும் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்து சேரும் இளைஞர்கள் உண்டு. கேஸிங், பவர் சப்ளை, ரம், எஸ்.எஸ்.டி. என்று ஒவ்வொன்றுக்கும் நாலு கடையில் விலை கேட்டு, யூடியூபில் ஒப்பீடு பார்த்து, வீட்டில் மன்றாடிக் காசு சேர்த்திருப்பார்கள். இவ்வளவு யோசித்தவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள்: இதில் எந்த இயங்குதளம் ஓடப்போகிறது? எல்லாம் பூட்டி முடிந்த பிறகு ஒரு நண்பர் பென் டிரைவோடு வருவார். கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக் கொடுப்பார். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்துவிடும்.

இந்த வரிசை தலைகீழானது. என்ன விளையாடப்போகிறோம் என்பது முதலில், அது எந்த இயங்குதளத்தைக் கேட்கிறது என்பது அடுத்து, பாகங்கள் அதற்குப் பிறகுதான். முன்பெல்லாம் இந்த வரிசை மாறினாலும் பெரிய நட்டமில்லை. இப்போது அப்படியில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிந்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை வரும். அதற்காகக் கணினி நின்றுவிடாது, விளையாட்டுகளும் ஓடும். ஆனால் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் விண்டோஸ் 7ஐயும் 8ஐயும் 2024 ஜனவரி 1ஆம் திகதி கைவிட்டதை நினைத்தால், 10க்கும் அப்படியொரு நாள் வரும் என்றே எண்ண வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 11ஓ எல்லா இயந்திரங்களையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செக்யூர் பூட் வேண்டும். புரொசெசர் இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, ஏ.எம்.டி. என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் இது நேரே கையைக் கடிக்கும். குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி அமைக்க விரும்புகிறவர், வெளிநாட்டுக் கந்தோர்களில் பாவித்துக் கழித்து இறக்குமதியான டெல் அல்லது எச்.பி. பெட்டியொன்றை வாங்கி, அதில் பழைய வீஜீஏ கார்ட் ஒன்றைச் செருகுவது வழக்கம். அந்தப் பெட்டிகளில் பல 4ஆம், 6ஆம் தலைமுறை ஐ5 புரொசெசர் கொண்டவை. விலைக்கு மோசமில்லை, விளையாட்டுக்கும் தாங்கும். ஆனால் விண்டோஸ் 11இன் கதவு அவற்றுக்கு அதிகாரபூர்வமாக மூடியிருக்கிறது. குறுக்கு வழியில் நிறுவலாம் என்பார்கள். நிறுவலாம்தான், ஆனால் அப்படி நிறுவியதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. சில விளையாட்டுகளும் தாமாகவே அந்த வசதிகளைக் கேட்கின்றன. விண்டோஸ் 11இல் வலரன்ட் ஓடுவதற்கு டி.பி.எம். 2.0உம் செக்யூர் பூட்டும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பட்டில்ஃபீல்ட் 6உம் செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது.

விளையாட்டு நிறுவனங்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? இணையத்தில் போட்டியாக ஆடும் விளையாட்டுகளில் சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும், குறியைத் தானாகத் திருப்பும் ஏமாற்று மென்பொருட்கள் வந்துவிட்டன. அவற்றைப் பிடிக்க, இயங்குதளத்தின் ஆழத்தில் உள்ள கேர்னல் வரைக்கும் இறங்கிக் கண்காணிக்கும் காவல் நிரலை நிறுவனங்கள் வைக்கின்றன. வலரன்டிலும் லீக் ஒஃப் லெஜென்ட்ஸிலும் உள்ள வன்கார்ட் அப்படிப்பட்டது. விண்டோஸின் கேர்னலுக்காக எழுதப்பட்ட இந்தக் காவல், இலவசமாகக் கிடைக்கும் இன்னோர் இயங்குதளமான லினக்ஸில் இல்லை. ஆகவே வலரன்ட், ஃபோர்ட்நைட், கோல் ஒஃப் டியூட்டி, பப்ஜியின் கணினிப் பதிப்பு எதுவும் லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜென்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 ஒக்டோபர் 31ஆம் திகதி நிறுத்தினார்கள். ஜீ.டி.ஏ. 5இன் இணையப் பகுதியும் அதே ஆண்டு செப்டெம்பரில் மூடப்பட்டது, தனியாக ஆடும் கதைப் பகுதி மட்டும் இன்றும் ஓடுகிறது. மாலையில் நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது இவற்றில் ஒன்று என்றால் விண்டோஸ் 11தான். வாங்கும் போர்டும் புரொசெசரும் அதற்குத் தகுதியானவையாக இருக்க வேண்டும்.

உங்கள் பட்டியலில் இவை இல்லையென்றால் கதை வேறு. எல்டன் ரிங், சைபர்பங்க் 2077, விட்சர் 3 எல்லாம் லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2க்கும் டோட்டா 2க்கும் லினக்ஸுக்கென்றே பதிப்பு இருக்கிறது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. விளையாட்டு விண்டோஸிடம் கோப்பைத் திற, ஒலியை எழுப்பு, இந்த முக்கோணத்தை வரை என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். 1993இல் தொடங்கிய வைன் என்ற திட்டம், அந்தக் கேள்விகளை லினக்ஸுக்குப் புரியும் கேள்விகளாக உடனுக்குடன் மாற்றிக் கொடுக்கிறது. நீதிமன்றத்தில் சாட்சிக்கும் நீதவானுக்கும் நடுவே நிற்கும் உரைபெயர்ப்பாளரின் வேலை அது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் வைனோடு வேறு பகுதிகளையும் சேர்த்து, 2018 ஒகஸ்டில் புரோட்டன் என்ற பெயரில் வெளியிட்டது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகள் அதில் வல்கன் என்ற பொதுமுறைக்கு மாறுகின்றன. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி முழுக்க இதை நம்பியே நிற்கிறது. 2025 ஒக்டோபரில் ஸ்டீம் பாவனையாளரில் லினக்ஸ்காரர் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டினார்கள். சிறிய பங்குதான், ஆனாலும் வால்வ் இதில் போட்டிருக்கும் பணத்தைப் பார்த்தால் இது கைவிடப்படும் பாதையாகத் தெரியவில்லை.

லினக்ஸ் என்று முடிவானால் கார்டும் மாறும். ஏ.எம்.டி. கார்டின் டிரைவர் லினக்ஸோடு கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்டால் தோண்டுவது முடிவுக்கு வந்தபோது, இரண்டாம் கைச் சந்தையில் கொட்டிய ஆர்.எக்ஸ். 580 போன்றவை லினக்ஸில் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. என்விடியாவும் ஓடும். ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் விண்டோஸில் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஜீ.டி.எக்ஸ். 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதையே என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. பழைய கார்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று கை நீட்டுமுன் இதை நினைக்க வேண்டும்.

கடலோர நகரமொன்றில் மின்சாரமும் ஒரு கணக்கு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. வாடைக்காலத்து மழையிலும் காற்றிலும் கரண்ட் போவதைச் சொல்லவே வேண்டாம். இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், விண்டோஸோ சாதாரண லினக்ஸோ பாதியில் குழம்பி நிற்கும் ஆபத்து உண்டு. ஃபெடோரா என்ற லினக்ஸிலிருந்து விளையாட்டுக்கென்றே உருவாக்கிய பசைட் இந்த இடத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. புதிய பதிப்பை ஒரு பக்கமாக முழுதாகத் தயாரித்து வைத்துவிட்டு, அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போதுதான் அதற்கு மாறும். சரிவராவிட்டால் முந்திய பதிப்பையே தேர்ந்து திறக்கலாம். அதற்காக யூ.பி.எஸ். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த இயங்குதளமானாலும் அது வேண்டும்.

டேட்டாவும் அப்படித்தான். அளவு கட்டிய பெக்கேஜில் 100 ஜீபீ விளையாட்டை இறக்குவதே மாதத்தின் பெரிய செலவு. லினக்ஸில் ஸ்டீம் ஷேடர் கோப்புகளையும் முன்கூட்டியே இறக்கிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் அதை நிறுத்திவிடலாம். உவர்மலையில் இருக்கும் நண்பரின் கணினியில் அதே விளையாட்டு இருந்தால், இரண்டையும் ஒரே ரவுட்டரில் இணைத்து நேரடியாக மாற்றிக்கொள்ளும் வசதியை ஸ்டீம் 2023இல் தந்தது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. விண்டோஸ் 11 ஹோமின் அமெரிக்கப் பட்டியல் விலை 139 டொலர். டொலரை 300 ரூபாயாக வைத்தால் 41,700 ரூபாய். ஒரு பழைய கார்ட் வாங்கும் காசு அது, கிராக் பக்கம் கை போவது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கிராக் நிரலுக்கு நாம் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறோம், வைரஸ் தடுப்பையும் அதற்காக நாமே நிறுத்திவைக்கிறோம். வருடக்கணக்காகச் சேர்த்த ஸ்டீம் கணக்கும், அதே கணினியில் அப்பா திறக்கும் வங்கிக் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் காக்கிறது என்பது வேறு. லினக்ஸ் போல இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலை நம் கரையை அடித்த சில வாரங்களிலேயே, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். அதுவும் எல்லோருக்கும் திறந்த மென்பொருள்தான். பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது.

இருந்தாலும் வீட்டில் கணினி ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. தங்கைக்கு ஃபோட்டோஷொப் வேண்டும், அல்லது மைக்ரோசொப்ட் ஒஃபிஸில்தான் ஒப்படை கேட்கிறார்கள் என்றால் லினக்ஸ் தனியாகப் போதாது. மற்றப்படி தமிழ் 99 விசைப்பலகை, சூம், லிப்ரே ஒஃபிஸ் எல்லாம் அதில் உண்டு. சந்தேகம் வந்தால் கேட்பதற்குக் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு எஸ்.எஸ்.டி. வைப்பதே நிம்மதி. ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ். ஒன்றை நிறுவும்போது மற்றதைக் கழற்றி வைத்துவிடுங்கள். புதிய விண்டோஸ் 11, மைக்ரோசொப்ட் கணக்கோடு நிறுவினால், பல கணினிகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. பிறகு லினக்ஸுக்காகப் பயோஸில் செக்யூர் பூட்டை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பயோஸைத் தொடுமுன் அந்தச் சாவியைக் கணக்கில் பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கில் உள்ளவற்றைத் திரும்ப எடுக்க வேறு வழி கிடையாது.