வீட்டு நாய் கடிக்கத் தொடங்கினால்...

"நாய் நன்றியுள்ள பிராணி" என்று நாம் சிறு வகுப்பிலேயே படித்து விடுகின்றோம். அது உண்ட வீட்டை மறப்பதில்லை. இரவெல்லாம் விழித்திருந்து காவல் காக்கிறது. ஆனால், அதே நாய் ஒரு நாள் பால்காரரின் காலைப் பிடித்து விட்டால்? அடுத்த வாரம் பள்ளி விட்டு வரும் அடுத்த வீட்டுக் குழந்தையின் மேல் பாய்ந்து விட்டால்? அப்போது அதை என்ன செய்வது?

எங்கள் விழிதியூரில் இக்கேள்வி எழும்போதெல்லாம் மூன்று பதில்களைக் கேட்கின்றோம். "அடித்துக் கொன்று விடு" என்பார் ஒருவர். "சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டு விட்டு வா" என்பார் மற்றொருவர். நாயை வளர்க்கும் வீட்டாரோ, "எங்களை அது ஒன்றும் செய்யாதே!" என்பார்கள். இம்மூன்றும் சரியான பதில்கள் அல்ல என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

நாய் ஏன் கடிக்கிறது?

நாய் காரணமின்றிக் கடிப்பது அரிது. முதற் காரணம் அச்சம். இரண்டாவது வலி. காதில் சீழ், பல்லில் புண், மூட்டு வலி ஆகியவற்றை வாய் திறந்து கூற அதனால் இயலாது. தொட்டவரைக் கடித்துத்தான் கூறும். உணவுத் தட்டையும் குட்டிகளையும் காப்பதற்காகவும் கடிக்கும். பிறந்து மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை உள்ள பருவத்தில் பல மனிதரையும் குழந்தைகளையும் பார்த்துப் பழகாத குட்டி, வளர்ந்த பின் புதியவர் எவரைக் கண்டாலும் மிரளும். நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாயின் சினமும் பெருகுமேயன்றிக் குறையாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ராஜா என்னும் நாய் உண்டு. ஆறு ஆண்டுகள் பிள்ளைகளோடு விளையாடிய அது, திடீரெனத் தலையைத் தொட்டாலே சீறத் தொடங்கிற்று. "இதற்குப் புத்தி கெட்டு விட்டது, கொண்டு போய் விடுங்கள்" என்றனர் பலர். அவ்வீட்டுப் பாட்டி மட்டும், அது அடிக்கடி ஒரு காதையே சொறிவதைக் கவனித்தார். கால்நடை மருத்துவர் பார்த்தபோது காதின் உள்ளே புண் வைத்திருந்தது. மருந்து போட்டு ஆறிய பின் சீற்றமும் தணிந்தது. பாட்டியின் கண் அந்த நாயின் உயிரைக் காத்தது.

கடிப்பதற்கு முன் நாய் நமக்குப் பல முறை எச்சரிக்கை செய்கிறது. உடல் விறைத்து நிற்கும்; கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும்; உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும்; அடித்தொண்டையில் உறுமும். உறுமும் நாயை உடனே அடிப்பது நம் வழக்கம். அது பெருந்தவறு. அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டு விடும்; கடிப்பதை விடாது. அடுத்த முறை எச்சரிக்கை இன்றியே கடிக்கும்.

கடித்து விட்டால் முதலில் செய்ய வேண்டியது

நாயைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், கடிபட்டவரைக் கவனிக்க வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டு நாய்தானே, சிறு கீறல்தானே என்று இருந்து விடலாகாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதிலும் அரிது.

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். நீலகிரியில் குன்னூரில் 1907-இல் அவர் பெயரால் நிலையம் ஒன்று தொடங்கப் பெற்றது. வயிற்றில் போடும் பழைய ஊசிகளை எண்ணி நம் பெரியோர் இன்றும் நடுங்குவர். அம்மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004-உடன் நின்று விட்டது. இன்று கையிலேயே ஊசி போடுகின்றனர். தோலில் போடும் முறையில், முதல் நாளும் அதன் பின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆழமாயின் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவர்.

கடித்த நாயை அடித்துக் கொல்லவோ விரட்டவோ கூடாது. அதைப் பாதுகாப்பாகக் கட்டி வைத்துப் பத்து நாட்கள் கவனிக்க வேண்டும். வெறிநோய் உள்ள நாயாயின் அந்நாட்களுக்குள் தெரிந்து விடும். ஆனால் அதற்காகக் கடிபட்டவர் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

நாய் யாருடைய பொறுப்பு?

2024-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். பூங்காக் காவலரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. காக்க ஓடிய தாயும் கடிபட்டார். அவை தெருநாய்கள் அல்ல, வீட்டில் வளர்க்கப்பட்டவை. அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் கயிறு அன்று யார் கையிலும் இல்லை. வளர்த்தவர் கைது செய்யப்பட்டார்.

அதற்குச் சற்று முன், மார்ச் மாதத்தில், 23 வகை நாய்களை ஆபத்தானவை எனக் கூறித் தடை செய்யுமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை இரத்து செய்தது. எந்த இனம் கொடியது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நம் ஊர் நாட்டு நாயும், கட்டுப்பாடின்றி விட்டால், ஒரு குழந்தையின் முகத்தைக் குதறி விடும். வளர்ப்புப் பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

எப்படி முடிவெடுப்பது?

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வலியும் நோயும் உண்டா என்று அறிய வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். அடுத்து, இன்னொரு கடி நேராதபடி வேலியையும் கதவையும் செப்பனிட வேண்டும். வெளியே கூட்டிச் சென்றால் கழுத்துப்பட்டையும், கன்றுக்குட்டிக்குப் போடுவது போன்ற வாய்க்கூடையும் வேண்டும். சிறு குழந்தையோடு அந்நாயை ஒரு நொடியும் தனியே விடலாகாது. பின்னர், அடிக்காமல், பொறுமையோடு பழக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் பயனில்லை எனில், நல்ல வேலியும் குழந்தைகள் இல்லாத இடமும் உள்ள ஒருவரிடம் கொடுக்கலாம். ஆனால் "இது கடித்த நாய்" என்ற உண்மையை மறைக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லா வழியும் அடைபட்ட பின், மருத்துவரே ஊசியால் வலியின்றி அதன் உயிர் பிரியச் செய்வதுதான் வழி என்று கூறும் நிலையும் வரலாம். அது மிகவும் துயரமான முடிவு. ஆயினும் பசியோடும் பயத்தோடும் அக்கரையில் அலைய விடுவதைக் காட்டிலும் அது இரக்கமுள்ளது. ஏனெனில், சாக்கில் கட்டிக்கொண்டு போய் விடும்போது நாம் ஆபத்தை நீக்கவில்லை. நம் வீட்டுக் குழந்தையை விட்டு, பெயர் தெரியாத வேறொரு குழந்தையிடம் அனுப்பி வைக்கின்றோம்.

புனித அசிசி பிரான்சிஸ் குப்பியோ நகரத்து ஓநாயைச் சந்தித்த கதையை நாம் அறிவோம். மக்களை நடுங்க வைத்த அந்த ஓநாயை அவர் கொல்லவில்லை. அடுத்த ஊருக்குத் துரத்தவும் இல்லை. அருகில் சென்று அதன் பசியை அறிந்தார். ஊரார் அதற்கு உணவு தர வேண்டும், அது எவரையும் தீண்டக் கூடாது என்று இரு தரப்பையும் இணங்கச் செய்தார். ஓநாய்க்கு ஒரு கடமை என்றால் ஊராருக்கும் ஒரு கடமை உண்டு என்பதே அக்கதையின் உட்பொருள்.

அன்புத் தோழியரே! வாயில்லா ஜீவனை வீட்டுக்குள் கொண்டு வரும் நாளிலேயே அதன் பற்களுக்கும் நாம் பொறுப்பேற்று விடுகின்றோம். ஆகவே, நம் வீட்டு நாய் உறுமும்போது அதன் வலியையும் கேட்போம். தெருவில் நடந்து வரும் குழந்தையின் காலடியையும் கேட்போம். இரண்டையும் கேட்டு எடுக்கும் முடிவே நல்ல முடிவாகும்.