பெண் கல்வி நிதியும் உதவிக் கச்சேரியும்

நற்காரியம் ஒன்றின்பொருட்டு மக்கள் கூடிப் பொருள் திரட்டுவது நம் நாட்டிற்குப் புதியதன்று. கோயில் திருப்பணிக்கும், குளம் வெட்டுவதற்கும், சத்திரம் கட்டுவதற்கும் ஊரார் கூடிப் பணம் சேர்த்த மரபு நெடுங்காலமாக உண்டு. ஆனால் பெண் மக்களின் கல்விக்காகவும், அவர்கள் பிறர் கையை எதிர்பாராது வாழ்வதற்காகவும் அவ்வாறு நிதி திரட்டும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இசைக் கச்சேரி, நாடகம், கைத்தொழிற் பொருட்காட்சி, விருந்து, நினைவு மலர் வெளியீடு எனப் பல வடிவங்களில் அது இன்றும் நடைபெற்று வருகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு வாங்கிச் செல்லும் நாம், அங்கே கொடுத்த பணம் எவ்வழியாகச் சென்று ஒரு சிறுமியின் படிப்பாக மாறுகிறது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

இத்தகைய நிதிகள் எதற்காகத் தோன்றின என்பதை முதலில் காண்போம். 1901-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கின்படி, இந்தியாவில் ஆயிரம் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்துப் பேர்கூட இலர். மகனைப் படிக்கவைக்கக் கடன் வாங்கவும் துணிந்த குடும்பங்கள், மகளின் படிப்பை வீண் செலவாகவே கருதின. இளமையிலேயே கணவனை இழந்த பெண்களின் நிலையோ இன்னும் துயரமானது. அவர்களுக்காகச் செலவிடக் குடும்பமும் முன்வரவில்லை, அரசாங்கமும் முன்வரவில்லை. ஆகவே பொதுமக்களிடம் கையேந்துவதைத் தவிர வேறு வழி இல்லாதிருந்தது.

அவ்வாறு கையேந்தியவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் பண்டித ரமாபாய். வடமொழிப் புலமையால் பண்டிதை என்னும் பட்டம் பெற்ற அவ்வம்மையார், 1886-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, இந்தியப் பெண்களின் நிலையைப் பல நகரங்களில் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1887-ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் ஒன்று அமைந்தது. அச்சங்கத்தாரின் ஏற்பாடு கவனிக்கத் தக்கது. கூட்டத்தில் உள்ளம் உருகிய ஒருவர் அன்றைக்கே ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போவதோடு அவர்கள் அமைதி அடையவில்லை. பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக வாக்குறுதி பெற்றுக்கொண்டனர். அந்த வாக்குறுதியை நம்பியே ரமாபாய் 1889-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பம்பாயில் சாரதா சதனம் என்னும் பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டில் அது புனாவிற்கு மாற்றப்பட்டது.

அங்கு முதலில் சேர்ந்த விதவை மாணவி கோதுபாய் என்னும் இளம்பெண். 1893-இல் அவரை மறுமணம் செய்துகொண்டவர், புனாவின் பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த தோண்டோ கேசவ கார்வே. மறுமணத்தின்பின் கோதுபாய், ஆனந்திபாய் என்னும் பெயர் பெற்றார். கார்வே 1896-இல் புனாவில் விதவையர்க்கென ஓர் இல்லம் தொடங்கினார். 1900-இல் அது நகருக்கு வெளியே ஹிங்கணே என்னும் இடத்திற்குச் சென்றது. ஒருவர் தானமாக அளித்த நிலத்தில் ஒரு குடிசையே முதற் கட்டடம். பகலில் கல்லூரியில் கற்பித்துவிட்டு, மாலையில் அவ்விடத்திற்குக் கால்நடையாகவே சென்று பணியாற்றுவது கார்வேயின் வழக்கமாயிற்று. விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று நன்கொடை சேர்ப்பார். சிறு தொகை என்று எதையும் அவர் தள்ளியதில்லை.

நன்கொடை கேட்கச் சென்றவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். ஆனந்திபாயின் உடன்பிறந்தாரான பார்வதிபாய் ஆடவலே இளமையில் கணவனை இழந்தவர். ஹிங்கணேயில் கல்வி பெற்று, பின் அந்த இல்லத்திற்காகவே ஊர்தோறும் சென்று சொற்பொழிவாற்றிப் பணம் திரட்டினார். 1918-இல் ஆங்கிலம் கற்பதற்காக அமெரிக்கா சென்று, வீட்டு வேலை செய்து பிழைத்த உறுதி படைத்தவர் அவர். விதவையின் முகத்தில் விழிப்பதே தீநிமித்தம் என்று எண்ணிய காலம் அது. அக்காலத்தில் ஒரு விதவை மேடையேறிச் சபையோர்முன் நின்று, கல்விக்குப் பொருள் தாருங்கள் என்று கேட்டார். கேட்டோர் கொடுத்த ரூபாய் எவ்வளவாயினும் ஆகுக. அவரைக் கண்டதும் அவர் பேச்சைக் கேட்டதுமே அவர்களுக்கு ஒரு பாடம் ஆயிற்று. நிதி திரட்டும் கூட்டத்தால் பணத்தோடு மனமாற்றமும் விளையக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஹிங்கணே சங்கத்தார் கையாண்ட மற்றொரு முறை பாவுபீஜ் நிதி. தீபாவளி அமாவாசைக்குப்பின் வரும் துவிதியை நாளை மகாராஷ்டிரத்தில் பாவுபீஜ் என்பர். அன்று சகோதரன் சகோதரியின் இல்லத்திற்குச் செல்வான். அவள் ஆரத்தி எடுப்பாள். அவன் தட்டில் தன் அன்பளிப்பை இடுவான். ஹிங்கணேயில் பயிலும் பெண்களும் உம் சகோதரியரே. அவர்களுக்கும் ஒரு பாவுபீஜ் தருக என்று சங்கத்தார் வீடுதோறும் வேண்டினர். இம்முறையின் சிறப்புகள் மூன்று. மக்கள் முன்பே அறிந்து போற்றும் ஒரு பண்டிகையோடு அது இணைந்துள்ளது. செல்வர் அல்லாதாரும் கொடுக்கக்கூடிய அளவில் உள்ளது. ஆண்டு தவறாமல் வருகிறது. பெறுகின்றவளை இரவலளாக எண்ணாது உடன்பிறந்தவளாக எண்ணச் செய்வது இவை யாவற்றினும் மேலானது.

சிறு தொகைகளால் மட்டுமே பெரிய நிறுவனம் எழுந்துவிடாது என்பதும் உண்மையே. 1916-இல் கார்வே பெண்களுக்கென ஒரு பல்கலைக் கழகத்தைத் தொடங்கினார். 1920-இல் ஸர் விட்டல்தாஸ் தாக்கர்ஸே தம் அன்னையின் நினைவாக அதற்கு 15 லட்சம் ரூபாய் வழங்கினார். அவ்வன்னையின் பெயரையே அப்பல்கலைக் கழகம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1921-இல் அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தோர் ஐவர். அத்துணைப் பெரிய கொடை கிடைத்தபின்னும் கார்வே ஓய்ந்திருக்கவில்லை. எழுபது வயதைக் கடந்தபின், 1929-இல் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் நாடுகளுக்கும், பின்னர் ஆப்பிரிக்காவிற்கும் சென்று, பல்கலைக் கழகத்தின் பணியை எடுத்துரைத்து உதவி நாடினார். பெருங்கொடை கட்டடத்தையும் மூலதனத்தையும் தரும். ஆசிரியரின் சம்பளமும் விடுதியின் அரிசியும் ஆண்டுதோறும் வேண்டுவன அல்லவா? 1958-இல் பாரத ரத்னா விருது பெற்ற கார்வே, 1962-இல் தமது 104-ஆம் வயதில் மறைந்தார்.

கலை நிகழ்ச்சி வாயிலாக நிதி திரட்டும் முறைக்குத் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் அன்னை கஸ்தூரிபா புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் காலமானார். அவர் நினைவாக ஒரு நிதி திரட்டத் தலைவர்கள் முடிவு செய்தனர். அவ்வாண்டு அக்டோபரில் காந்தியடிகளுக்கு 75 வயது நிறைவதால், 75 லட்சம் ரூபாய் சேர்ப்பது இலக்கு. அந்நிதிக்காக அவ்வாண்டில் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி ஐந்து கச்சேரிகள் செய்து உதவினார். முடிவில் சேர்ந்த தொகை ஒரு கோடியையும் கடந்தது. கிராமங்களில் வாழும் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலத்திற்கும் கல்விக்கும் அது ஒதுக்கப்பெற்றது. ஒரு பாடகி ஒரு மாலைப்பொழுதில் சேர்க்கும் பணம், தான் நேரில் காணாத ஒரு கிராமத்துப் பெண்ணைச் சென்றடைய வேண்டுமாயின், இடையே நம்பகமான ஓர் அறக்கட்டளை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

1927-இல் புனாவில் முதன்முதலாகக் கூடிய அகில இந்திய மாதர் மாநாடும் இவ்வழியையே மேற்கொண்டது. கல்விச் சீர்திருத்தம் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியதோடு நில்லாமல், பெண் கல்விக்கெனத் தனி நிதிச் சங்கம் ஒன்றை அது அமைத்தது. 1932-இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரி தோன்றியது அம்முயற்சியின் பயனே.

இனி, இன்று நடைபெறும் நிகழ்ச்சிகளின் கணக்கை நோக்குவோம். உதாரணமாக, ஓர் உதவிக் கச்சேரியில் சீட்டு விற்பனையாலும் மலர் விளம்பரங்களாலும் 5 லட்சம் ரூபாய் சேர்ந்ததாகக் கொள்வோம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, அச்சுக்கூலி, வெளியூர்க் கலைஞர்களின் பயணம், சிற்றுண்டி ஆகியவற்றுக்கு 3 லட்சம் போயிற்று. எஞ்சியது 2 லட்சம். இதனை 200 சிறுமியருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 1,000 ரூபாய் கிடைக்கும். பையும் நோட்டுப் புத்தகமும் வாங்கலாம். ஓராண்டுக்கு 10,000 ரூபாய் வீதம் விடுதிச் செலவுக்குக் கொடுத்தால், நான்கு பெண்கள் ஐந்தாண்டுகள் படிக்கலாம். வங்கியில் வைப்பாக இட்டு, நூற்றுக்கு ஆறு வட்டி கிடைப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். ஒரு பெண்ணின் செலவைத் தொடர்ந்து தாங்கலாம். முதல் வழியில் கைதட்டல் மிகுதி; புகைப்படத்தில் 200 முகங்கள் தெரியும். ஆயினும் பை பெற்ற சிறுமி அடுத்த ஆண்டும் பள்ளியில் இருப்பாளா என்னும் கேள்விக்கு அவ்வழியில் விடை இல்லை.

இக்கேள்வியே இன்று முதன்மையானது. நாட்டின் நிலை பெரிதும் மாறிவிட்டது. 1951-இல் நூறு பெண்களுள் ஒன்பது பேரே எழுத்தறிந்தவராயிருக்க, 2011-இல் அத்தொகை ஏறத்தாழ 65 ஆயிற்று. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமற்ற கல்வியை உரிமையாக்கியது. பின்தங்கிய வட்டாரங்களில் பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளிகளை மத்திய அரசு 2004-இல் தொடங்கி, அவற்றுக்குக் கஸ்தூரிபா காந்தியின் பெயரையே சூட்டியது. எனினும் சட்டத்தின் காப்பு 14 வயதோடு நின்றுவிடுகிறது. உயர்நிலைப் பள்ளி பெரும்பாலும் அடுத்த ஊரில் உள்ளது. வழித்துணை இல்லை, பேருந்து நேரத்திற்கு வருவதில்லை, வீட்டில் திருமணப் பேச்சு எழுகிறது. படிப்பு நிற்பது இந்த இடத்தில்தான்.

தடை எங்குள்ளது என்று அறிந்து உதவினால் பயன் மிகுதி என்பதைப் பீகார் மாநிலம் காட்டிற்று. அங்கு 2006-இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர் சைக்கிள் வாங்குவதற்கு அரசு உதவத் தொடங்கியது. மேல்வகுப்புகளில் சேரும் பெண்களின் தொகை அதனால் உயர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இது அரசின் பணியாயினும், நிதி திரட்டும் சங்கங்களும் இதிலிருந்து கற்கலாம். ஓர் ஊரில் வேண்டுவது சைக்கிளாக இருக்கலாம். மற்றோர் ஊரில் விடுதியாகவோ, கழிப்பறையாகவோ, மாலையில் கணக்குச் சொல்லித்தரும் ஓர் ஆசிரியையாகவோ இருக்கலாம். அதனை அவ்வூர்ப் பெண்களிடமும் தாய்மாரிடமும் கேட்டறிந்தபின் விழாவுக்கு நாள் குறிப்பதே முறை.

மற்றொன்றும் கருதத் தக்கது. உதவி பெறும் சிறுமியை மேடையில் நிறுத்தி, அவளுடைய வறுமையைச் சபையோர்க்கு விரித்துரைத்து, கையில் தொகையைக் கொடுத்துப் புகைப்படம் எடுப்பது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. அன்றிரவு சபையோர் கலைந்துவிடுவர். அவளோ மறுநாள் அதே வகுப்பில், அதே தோழியரிடையே சென்று அமர வேண்டும். தம் கதையைச் சொல்வதா வேண்டாவா என்பதைப் பார்வதிபாய் தாமே முடிவு செய்தார்; வளர்ந்த பெண்ணாக, தம் விருப்பத்தால் மேடையேறினார். பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு அவ்வுரிமை வழங்கப்பெறுவதில்லை. அவளை மேடையேற்ற விரும்பினால், ஒரு பாட்டுப் பாடவோ, தான் எழுதிய கட்டுரையைப் படிக்கவோ செய்யலாம். தொகை நேரே பள்ளிக்கோ விடுதிக்கோ போய்ச் சேரட்டும்.

ஆகவே, அடுத்த முறை ஓர் உதவிக் கச்சேரியின் சீட்டு நம் கைக்கு வரும்போது, சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வோமாக. சென்ற ஆண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, தணிக்கை செய்த கணக்கு அச்சாகியுள்ளதா? எத்தனை பெண்கள் உதவி பெற்றனர்? அவர்களுள் எத்தனை பேர் படிப்பை முடித்தனர்? இவ்வாறு கேட்பது ஐயப்படுதல் ஆகாது. செம்மையாகப் பணியாற்றும் சங்கத்தார் இக்கேள்விகளை விரும்பியே வரவேற்பர். விடை மனநிறைவு தருமாயின், அன்றைய சீட்டோடு நில்லாமல், இயன்ற ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் தருவதாக அச்சங்கத்தாரிடம் எழுதிக் கொடுப்போம். ஒரு பெண் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து பட்டம் பெற ஏழு ஆண்டுகளாவது ஆகும். அத்தனை ஆண்டுகளும் உதவி வரும் என்ற உறுதி இருந்தால்தான், அவள் தந்தை திருமணப் பேச்சை ஒத்திவைத்து அவளைப் பள்ளிக்கு அனுப்பத் துணிவார்.