வளர்ப்புப் பிள்ளைக்கு உண்மை உரியது

பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்து சேர்வது பெரும் பாக்கியமாகும். எனினும், அது அவ்வீட்டுக்கு வந்த விதம் அப்பிள்ளையிடமே மறைக்கப்படுமானால், அன்பின் பேராலேயே அதற்கு அநீதி இழைக்கப்படுகின்றது. பிலிப்பைன்ஸ் நாட்டின் அனுபவம் இதனை நன்கு உணர்த்துகின்றது.

உறவினரிடமிருந்தோ அயலவரிடமிருந்தோ பெற்ற சிசுவைத் தாமே ஈன்றதாகப் பிறப்புப் பதிவில் எழுதுவித்து வளர்க்கும் வழக்கம் அங்கு நீண்டகாலமாக இருந்து வந்துள்ளது. நீதிமன்ற நடைமுறையின் செலவும் தாமதமும் இதற்கு ஒரு காரணம். வளர்ப்புப் பிள்ளையைக் குறிக்கும் 'அம்போன்' என்ற சொல் ஏளனமாக ஒலிப்பது மற்றொரு காரணம். 1998ஆம் ஆண்டின் உள்நாட்டு மகவேற்புச் சட்டம் இத்தகைய பொய்ப் பதிவுக்குத் தண்டனை விதித்தது. தண்டனைக்கு அஞ்சிய குடும்பங்கள் இரகசியத்தை மேலும் இறுகப் பூட்டிக்கொண்டால் அதில் வியப்பில்லை.

2019ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட 11222ஆம் இலக்கச் சட்டம் வேறு வழியை நாடியது. பிள்ளையின் நலன் கருதிப் பொய்ப் பதிவு செய்து, அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் குறைந்தது 3 ஆண்டுகளாவது அதனை வளர்த்தவர்கள், தண்டனையின்றிப் பதிவைத் திருத்தி முறைப்படி மகவேற்புச் செய்ய அது இடமளித்தது. பிள்ளை 10 வயதை அடைந்திருப்பின் அதன் சம்மதமும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் சட்டமோ மகவேற்பை நீதிமன்றத்திலிருந்து நிர்வாக அதிகாரசபை ஒன்றிடம் ஒப்படைத்தது.

ஆனால் பதிவேடு திருந்தினால் மட்டும் மனம் ஆறிவிடாது. விளையாட்டுத் தோழரின் கேலியாலோ உறவினரின் வாய்தவறிய சொல்லாலோ உண்மையை அறியும் பிள்ளை, "என்னை ஏன் கொடுத்தார்கள்?" என்று மட்டும் கேட்பதில்லை, "இன்னும் எவையெல்லாம் பொய்?" என்றும் கேட்கின்றது. அதன் கோபமும் ஒதுக்கமும் நன்றிகேடு அல்ல, துயரமே. எனவே சிறுவயது முதலே, வயதுக்கேற்ற சொற்களில், ஈன்ற தாயை இழிவுபடுத்தாது, உண்மையைப் படிப்படியாகக் கூறுவதே நன்று.

பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களுக்கான 1977ஆம் ஆண்டின் தனியார் சட்டக்கோவை, வளர்ப்புப் பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளையின் அந்தஸ்தை வழங்குவதில்லை; அன்பளிப்பாகச் சொத்து வழங்க இடமளிக்கின்றது. அநாதையை ஆதரிப்பதைப் பெரும் நன்மையாகப் போற்றும் இஸ்லாம், அதன் வம்சவழியை மறைப்பதை ஏற்பதில்லை. பராமரிப்புக்குப் பொய் தேவையில்லை என்பதே இதன் பொருள்.

உண்மையைச் சொன்னால் பிள்ளை தம்மை விட்டு விலகிவிடும் என வளர்த்தோர் அஞ்சுவது இயல்பே. ஆயினும் அவ்வுண்மையை அது பிறர் வாயால் கேட்க நேர்வதே பெரும் பிரிவுக்கு வழிகோலும் என்பதை அவர்கள் மறத்தலாகாது.