அலுவலகக் கணினி: சிறிதோ, கோபுரமோ?

அலுவலகத்துக்குக் கணினி வாங்கப் புகுவோர் விலையையே முதற்கண் வினவுகின்றனர். அக்கணினி ஆற்றவேண்டிய தொழில் யாது என்பதே நாம் முதலில் வினவத்தக்கது.

2012-ஆம் ஆண்டில் லெனோவோ நிறுவனத்தார் வெளியிட்ட 'டைனி' என்னும் வகை, ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவே உடையது. இத்தகைய சிறு கணினியைத் திரையின் பின்புறத்தே பொருத்திவிடலாம். மேசை முழுதும் ஏடுகளுக்கு எஞ்சும். இதனுள் பெரும்பாலும் 35 வாட் அளவினதாகிய செயலியே அமைக்கப்படுதலின், மின்செலவும் வெப்பமும் குறைவாம். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் இதுவே சாலும்.

ஆயின், குறுமையால் வரும் குறைகளும் உள. மடிக்கணினிக்குரிய சிறு நினைவகப் பலகைகளே இதனுட் பொருந்தும். பெரிய வரைகலை அட்டைக்கு இடமில்லை. மின்னூட்டும் பெட்டி வெளியே தனித்துக் கிடத்தலின், அதனைத் தொலைத்தால் கணினியும் வாளா கிடக்கும்.

கோபுரக் கணினியோ காலடியில் இடங்கொள்ளும். எனினும், 3.5 அங்குல வன்தட்டுகளும் பெரிய வரைகலை அட்டைகளும் அகன்ற விசிறிகளும் அதனுள் அமையும். அகன்ற விசிறி மெல்லச் சுழன்றே வெப்பத்தைப் போக்க வல்லது. ஆதலின் நெடுநேர உழைப்பிலும் அக்கணினி எளிதில் தளராது. கட்டட வரைபடம், நிகழ்படத் தொகுப்பு முதலியவற்றிற்கு அதுவே தக்கது.

நிற்க, எல்லார்க்கும் ஒரே வகையை வாங்குதல் பொருளை வீணாக்குவதாம். கணக்கர் பதின்மர்க்குச் சிறியனவும், வரைவாளர் இருவர்க்குக் கோபுரங்களும் வாங்குதலே அறிவுடைமை. பின்னர்ப் பெரிய அட்டையொன்று தேவைப்படின், கோபுரம் உடையார் அட்டையை மட்டும் வாங்குவர். சிறியது உடையாரோ கணினியையே மாற்ற நேரும். ஆகவே, இன்றைத் தொழிலோடு ஐந்தாண்டு கழித்து வரும் தொழிலையும் எண்ணிப் பார்த்தே நாம் பணப்பையை அவிழ்த்தல் வேண்டும்.