உங்களுக்குத் தெரியுமா? சேவைகளே ஓர் ஊரை மையமாக்குகின்றன

■ வங்கி, மருத்துவமனை, பள்ளி, பேருந்து, உரக்கடை போன்ற சேவைகள் எங்கு அமைகின்றன என்பதை விளக்க முற்பட்ட ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர், சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சேவை வழங்கும் ஊரை ‘மைய இடம்’ என்று 1933இல் வெளியான தமது நூலில் குறித்தார்.

■ ஒரு சேவை நட்டமின்றி நடைபெறத் தேவையான குறைந்தபட்ச வாடிக்கையாளர் அளவு ‘தொடக்க வரம்பு’ எனவும், அதைப் பெற மக்கள் பயணம் செய்ய முன்வரும் அதிகபட்சத் தொலைவு ‘வீச்சு’ எனவும் இக்கோட்பாட்டில் வழங்கப்படுகின்றன.

■ இக்கருத்துகளை இந்தியச் சிற்றூர்களில் ஆராய்ந்த சுதீர் வன்மாலி, இன்றைய தெலங்கானாவிலுள்ள மிரியாலகுடா வட்டத்தின் சேவைகளைப் பற்றிய ஆய்வை 1983இல் வெளியிட்டார். பசுமைப் புரட்சியின் விளைவுகளைப் பற்றிப் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் வெளிக்கொணர்ந்த நூலில், வட ஆர்க்காட்டுப் பகுதியின் சேவைகளில் நேர்ந்த மாற்றங்களையும் வன்மாலி ஆராய்ந்தார்.

■ விழுப்புரத்திலிருந்து 2019இல் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமாக விளங்கும் வெள்ளிமலை, மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிதறிய சிற்றூர்களுக்கு இத்தகைய மைய இடமாகும்.

■ மலைப்பகுதியில் மக்கள்தொகை குறைவாகவும் பாதை கடினமாகவும் இருப்பதால் தொடக்க வரம்பை எட்டுவது அரிதாகிறது, வீச்சும் சுருங்குகிறது. ஆகவே, மரவள்ளியும் சாமையும் விளையும் இம்மலையில், தனியார் முதலீடு தானே வரும் என்று காத்திராமல், சாலை, போக்குவரத்து, மருத்துவம், கடன் வசதி ஆகியவற்றை அரசும் கூட்டுறவும் முன்னின்று அமைப்பதே வட்டார வளர்ச்சிக்கு முதற்படியாகும்.