வீடு வாங்கும் முன் கொல்லையைப் பாருங்கள்

புது வீடு பார்க்கப் போகும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? எத்தனை படுக்கையறை, தரைக்கு என்ன டைல்ஸ், சமையலறை எந்த மூலையில் வருகிறது, கார் நிறுத்த இடம் உண்டா. பின்கதவைத் திறந்து, அங்கே மண் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. உழவியலில் முனைவர் பட்டம் வாங்கிய நானே பார்க்கவில்லை.

2011-ல் கோவை புறநகரில் வீடு தேடினோம். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வீடுகள் வந்தன. ஒன்று, 3 சென்ட் மனையில் சுற்றுச்சுவரை ஒட்டிக் கட்டிய புதிய மாடி வீடு. மற்றொன்று, 6 சென்ட் மனையில் பழைய ஓட்டு வீடு. பின்னால் இரண்டரை சென்ட் கொல்லை. நாங்கள் மாடி வீட்டை வாங்கினோம். பால் காய்ச்சிய அன்று, தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அம்மா, ஈரச்சாக்கில் சுற்றி ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நட இடமில்லை. பெயின்ட் வாளியில் வைத்தோம். ஆறு ஆண்டுகளில் அது இடுப்பு உயரத்தைத் தாண்டவில்லை. அம்மாவும் பத்து நாளுக்கு மேல் எங்களோடு தங்கியதில்லை. “பின்னாடி போய் நிக்க ஒரு இடம் இல்லையேப்பா” என்பார்.

டெல்டா கிராமத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். திண்ணை, ரேழி, முற்றம், கட்டு என்று நீளும் வீடு கொல்லையில்தான் முடியும். கிணறு, மாட்டுக்கொட்டில், வாழை, முருங்கை எல்லாம் அங்கேதான். வீட்டின் பாதி வேலை கொல்லையில்தான் நடந்தது.

2017-ல் அந்த மாடி வீட்டை விற்றுவிட்டு, கொல்லையுள்ள ஒரு வீட்டுக்கு மாறினோம். முன்பு வேண்டாம் என்று விட்டதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைப் போல் நீங்களும் இரண்டு முறை வீடு வாங்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எவ்வளவு இடம் போதும்?

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காய்கறி தர, சுழற்சி முறையில் பயிரிட்டால் 5 சென்ட் போதும் என்பது பரிந்துரை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், கீரையையும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நான்கு பேருக்கு 1.6 கிலோ. உங்கள் ஊர் விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் கொல்லை இரண்டரை சென்ட்தான். கீரை, கறிவேப்பிலை, முருங்கை, பப்பாளி ஆகியவற்றைக் கடையில் வாங்குவதில்லை. மற்ற காய்களில் ஏறக்குறைய பாதி வீட்டிலேயே கிடைக்கிறது. இதில் லாபம் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் என்ன மருந்து, எப்போது தெளித்தது என்று தெரியாத கீரையைக் குழந்தைக்குக் கொடுக்கும் கவலை இல்லை.

மழைக் கணக்கு

கொல்லை தரும் இரண்டாவது விளைச்சல் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை 900 மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட் மண்ணின் மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 36,000 லிட்டர் விழுகிறது. அத்தனையும் நிலத்துக்குள் இறங்காது. ஆனால் சிமென்ட் தளம் போட்டுவிட்டால் அநேகமாக எல்லாமே தெருச் சாக்கடைக்குப் போய்விடும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டையும் பார்த்தோம். மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொல்லையில் உள்ள உறிஞ்சு குழிக்கோ, கிணற்றுக்கோ விடுங்கள். மற்றதை மண்ணும் மூடாக்கும் பார்த்துக்கொள்ளும்.

பார்க்க வேண்டிய ஐந்து

பின்னால் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கிவிடாதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

வெயில்: காய்கறிக்குத் தினமும் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். நம் பகுதியில் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் கடைசியில் கோவையில் 22 அடி உயர வீட்டின் நண்பகல் நிழல், வடக்கே சுமார் 15 அடி விழும். கொல்லை வீட்டுக்கு வடக்கே இருந்தால் முதல் 15 அடியைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். தெற்குப் பக்கத்து மனை காலியாக இருந்தால், நாளை அங்கே மாடி எழும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மண்: கடப்பாரையால் இரண்டு மூன்று இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். எங்கள் கொல்லையில் மேலே அரை அடி செம்மண். அதற்குக் கீழே செங்கல் துண்டு, காரை, சிமென்ட். வாங்கிய பிறகுதான் தெரிந்தது. சுண்ணாம்பு கலந்ததால் மண்ணின் கார அமில நிலை 8.6. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலைகள் மஞ்சளாகும். காய்கறிக்கு 6.5 முதல் 7.5 வரை நல்லது. இடிபாட்டை அள்ளி வெளியேற்றி, வண்டல் மண்ணும் மட்கிய தொழுவுரமும் கொட்டி, தக்கைப்பூண்டு விதைத்து 45-ம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணோடு கலந்தோம். இரண்டு ஆண்டுகள் ஆயின. மண் மாதிரியை அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தண்ணீர்: கிணறு அல்லது போர்வெல் தண்ணீரையும் பரிசோதியுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் திணறும்.

கழிவுநீர்த் தொட்டி: பல வீடுகளில் செப்டிக் டேங்க் கொல்லையில்தான் இருக்கும். கிணற்றுக்கும் அதற்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். அதன் அருகே மரம் நட்டால் வேர் உள்ளே புகுந்துவிடும்.

பத்திரம்: கொல்லையின் கடைசி எல்லை வரை பத்திரத்திலும் பட்டாவிலும் வருகிறதா என்று பாருங்கள். ஓடைப் புறம்போக்கைச் சேர்த்து வேலி போட்டிருப்பவர்களும் உண்டு. சர்வேயரை வைத்து அளந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எதை எங்கே நடலாம்?

உயரமான மரங்களை வடக்கு, மேற்கு ஓரங்களில் வையுங்கள். பாத்திக்கு நிழல் விழாது. மேற்குச் சுவருக்குச் சாயங்கால வெயிலும் குறையும். முருங்கையில் விதை மூலம் வளரும் பி.கே.எம்.1 ரகம் ஆறாவது மாதத்திலேயே காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி தழையும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும் என்பதால் படுக்கையறை ஜன்னல் பக்கம் முருங்கை வேண்டாம். பப்பாளியில் கோ.7 போன்ற இருபால் பூ ரகம் வாங்கினால், ஆண் மரமாகப் போய்விடும் என்ற பயம் இல்லை. குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் கல்வாழை, சேம்பு, அதைத் தாண்டி இரண்டு வாழை. சோப்புத் தண்ணீரில் சோடியம் உப்பு உண்டு. அதைக் கீரைப் பாத்திக்கு விடக் கூடாது.

தென்னைக்கு 25 அடி இடைவெளி வேண்டும். சிறிய கொல்லையில் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். அதுவும் பக்கத்து வீட்டுக் கூரை மேல் காய் விழாத இடமாக இருக்கட்டும். ஆல், அரசு கன்று சுவரோரம் தானாக முளைத்தால் உடனே பிடுங்கிவிடுங்கள்.

மீதி இடத்தில் நான்கு பாத்திகள். முளைக்கீரை 25 நாளில் கைக்கு வரும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒரே பாத்தியில் கத்தரிக்குப் பின் தக்காளி வைக்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம். நோயும் அநேகமாக ஒன்றே. கத்தரிக்குப் பின் அவரை, கொத்தவரை என்று மாற்றுங்கள். மூலையில் ஒரு உரக்குழி இருந்தால் சமையலறைக் கழிவும் சருகும் மூன்று நான்கு மாதத்தில் உரமாகும்.

யாருக்கு வேண்டாம்?

கொல்லை தினமும் அரை மணி நேரம் கேட்கும். அதைக் கொடுக்க முடியாதவர்களுக்கு அது புதராகும். விறகும் செங்கல்லும் குவித்து வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தண்ணீர் தேங்கினால் கொசு. வேலை, பயணம் என்று வீட்டிலேயே இல்லாதவர்கள் அடுக்குமாடி வீடு வாங்குவதில் தவறில்லை.

ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், குழந்தைகள் வளர்கிறார்கள் என்றால், ஒரு படுக்கையறை குறைந்தாலும் பரவாயில்லை, மண் உள்ள வீட்டை வாங்குங்கள். அறை வேண்டுமென்றால் பணம் சேர்ந்த பிறகு மாடியில் கட்டிக்கொள்ளலாம். மேலே மண்ணைக் கட்ட முடியாது.

வாளியில் இருந்த கறிவேப்பிலையை 2017-ல் தரையில் நட்டோம். இப்போது சுற்றுச்சுவரைத் தாண்டி நிற்கிறது. தெருவில் நான்கு வீட்டுக்குத் தினமும் கொத்து போகிறது. கொடுத்து அனுப்புவது அம்மாதான். இப்போதெல்லாம் ஊருக்குப் போனால் பத்து நாளில் திரும்பிவிடுகிறார்.